பொடுகுத் தலைக்குச் சோறு போடாதீர்கள்: தலைத்தோலின் நுண்ணுயிர்களைக் காத்து முடியைத் தேற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரியில் படிக்கும்போது எனக்குப் பொடுகு வந்தது. வீட்டில் சொன்ன காரணம் ஒன்றுதான். "தலை காய்ஞ்சு கிடக்குடி, அதான் செதில் செதிலா உதிருது. எண்ணெய் வை." அம்மா சொன்னது நியாயமாகத்தான் பட்டது. காய்ந்த நிலம் பொருக்கு விடுவதில்லையா, அப்படித்தான் இதுவும் என்று நானும் நம்பினேன். தினமும் காலையில் தேங்காயெண்ணெய், சனிக்கிழமை இரவு தலை முழுக்க நல்லெண்ணெய், ஞாயிறு மட்டும் தலைக்குக் குளியல். வெள்ளைச் செதில் மஞ்சளாகிப் பிசுபிசுத்தது. அரிப்பில் இரவெல்லாம் விரல் தலையிலேயே இருந்தது. சீப்பில் சுருண்டு வரும் முடி நாளுக்கு நாள் கூடியது. எண்ணெய் போதவில்லை என்று நினைத்து இன்னும் வைத்தேன். ஐந்தாறு வருடம் இப்படியே போனது. கடைசியில் ஒரு தோல் மருத்துவர் தலையை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கும்மா தினமும் சோறு போடுறீங்க?" என்று கேட்டார்.

அந்தச் சோறு எது, அதைத் தின்பவர் யார் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் என் தலை அடங்கியது. நம் வீடுகளில் இன்றும் பொடுகை வறட்சி என்றே நினைக்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், தலையில் யார் குடியிருக்கிறார்கள்?

உடம்பில் எண்ணெய்ச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் தலைத்தோல் ஒன்று. அதோடு வியர்வை, முடி தரும் நிழல், உடம்பின் சூடு எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. நுண்ணுயிர்களுக்கு இதைவிட வசதியான வீடு ஏது? ஆரோக்கியமான தலையிலும் மூன்று கூட்டம் எப்போதும் இருக்கும். மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை, க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா, ஸ்டெஃபைலோகாக்கஸ் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள். இந்த மூன்றும் ஒரு கணக்கில் இருக்கும்வரை நமக்கு அவை இருப்பதே தெரியாது.

மலசீசியாவுக்கு அந்தப் பெயர் லூயி சார்ல் மலசே என்ற பிரெஞ்சு மருத்துவரால் வந்தது. செதில் உதிரும் தோலில் இந்தப் பூஞ்சையை அவர் 1874இலேயே விவரித்தார். இதன் வகைகளில் தலையில் மிகுந்திருப்பவை ரெஸ்ட்ரிக்டா, குளோபோசா என்ற இரண்டு. 2007இல் குளோபோசாவின் மரபணுத் தொகுப்பை முழுதாகப் படித்தபோது ஒரு விஷயம் தெளிவானது. தனக்கு வேண்டிய கொழுப்பமிலத்தைத் தானே செய்துகொள்ளும் மரபணு இதனிடம் இல்லை. வெளியிலிருந்து கொழுப்பு கிடைத்தால்தான் இதற்குப் பிழைப்பு. நம் தோலில் சுரக்கும் எண்ணெயை லைபேஸ் என்ற நொதியால் உடைத்து, நிறைவுற்ற கொழுப்பமிலங்களைத் தின்றுவிட்டு, ஒலியிக் அமிலம் போன்ற நிறைவுறாதவற்றை மிச்சம் வைக்கிறது. அந்த மிச்சம்தான் வினை. சிலருடைய தோல் அதைப் பொறுத்துக்கொள்ளும், சிலருடையது பொறுக்காது. பொறுக்காத தோல் எரிச்சலில் செல்களை அவசரமாகத் தள்ளிவிடுகிறது. சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாமல் உதிர வேண்டியவை கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு உதிர்கின்றன. நாம் பொடுகு என்பது அதைத்தான். பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்வில் எப்போதாவது இது வந்துபோகிறது.

நம் நாட்டுத் தலைகளிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். போபாலில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தினர் 140 இந்தியப் பெண்களின் தலைத்தோலைப் பரிசோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான தலைகளில் க்யூட்டிபாக்டீரியம் ஓங்கியிருந்தது. பொடுகுத் தலைகளில் ஸ்டெஃபைலோகாக்கஸின் பங்கு கூடியிருந்தது. ஆக, பொடுகு என்பது வெளியிலிருந்து தொற்றி வந்த ஒன்றல்ல. வீட்டிலிருப்பவர்களுக்குள் கணக்கு மாறிப்போனதுதான். ஒருவர் சீப்பை இன்னொருவர் தொட்டால் பொடுகு ஒட்டிக்கொள்ளும் என்ற பயமும் தேவையில்லை. (பேன் ஒட்டிக்கொள்ளும். அது வேறு கதை.)

இதனால் முடி வளருமா?

இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். 2 முதல் 6 வருடம் வளர்ந்த பிறகு சில மாதம் ஓய்ந்து உதிரும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. தலைத்தோலைச் சீராக்கினால் மாதம் ஒரு சென்டிமீட்டர் என்பது இரண்டாகிவிடாது. பரம்பரை வழுக்கைக்குக் காரணம் டி.எச்.டி. என்ற ஹார்மோனுக்கு வேர்க்கால்கள் காட்டும் எதிர்வினை. நுண்ணுயிர்களைச் சரிசெய்து அதைத் திருப்ப முடியாது.

நடப்பது வேறு. அழற்சி உள்ள தோலில் வேர்க்கால்கள் தளர்கின்றன. முடி முன்கூட்டியே ஓய்வு நிலைக்குப் போகிறது. அங்கிருந்து முளைத்துவரும் முடியின் மேலோடு சொரசொரப்பாக இருக்கிறது. சொறியச் சொறிய, இருப்பதும் நடுவில் முறிகிறது. அழற்சி அடங்கினால் இந்த இழப்பு நிற்கிறது. உங்கள் தலை தரக்கூடிய முடி முழுமையாகக் கிடைக்கிறது. அதுவே போதுமான காரணம்.

படி 1: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் தலையைப் பாருங்கள்

வெயில் வெளிச்சத்தில் வீட்டில் ஒருவரைத் தலையைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒப்பிட உதவும். நடு உச்சி, காதுக்குப் பின்புறம், பிடரி, நெற்றி முடிக்கரை ஆகிய நான்கு இடங்களையும் பாருங்கள்.

செதில் சிறியதாக, தூளாக, வெள்ளையாக இருந்து, தோல் இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்தால், கூடவே கை கால் தோலும் வறண்டிருந்தால், அது உண்மையான வறட்சியாக இருக்கலாம். குளிர்ப்பிரதேசத்தில் இருப்பவர்களுக்கும் குளிர்சாதன அறையில் நாள் முழுக்க உட்காருபவர்களுக்கும் இது வரும். செதில் பெரிதாக, இலேசான மஞ்சளாக, நகத்தில் பிசுக்கோடு ஒட்டினால் அது மலசீசியாவின் வேலை. புருவத்திலும் மூக்கோரத்திலும் காது மடலிலும் அதேபோல் செதில் இருந்தால் அது செபோரிக் டெர்மடைட்டிஸ் என்ற சற்றுத் தீவிரமான நிலை. வெள்ளி நிறத்தில் தடித்த தகடுகளாக, முடிக்கரையைத் தாண்டி நெற்றிக்கு இறங்கினால் சொரியாசிஸாக இருக்கக்கூடும். வட்டமாக முடி போயிருந்தாலோ, சீழ்க்கொப்புளம் இருந்தாலோ இந்த வழிகாட்டியை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

இந்த வாரத்தில் இன்னொன்றும் குறித்து வையுங்கள். தலைக்குக் குளித்த எத்தனையாவது நாளில் அரிப்புத் தொடங்குகிறது? அடுத்த படிக்கு அந்த எண் வேண்டும்.

படி 2: முடியை விடுங்கள், தலைத்தோலைக் கழுவுங்கள்

அரிப்பு மூன்றாம் நாள் தொடங்குகிறது என்றால் இரண்டாம் நாள் முடிவதற்குள் தலையைக் கழுவிவிட வேண்டும். கணக்கு அவ்வளவு எளிது. நம்மில் பலர் வாரம் ஒருமுறை கழுவிவிட்டு, ஆறு நாள் அரிப்போடு இருக்கிறோம். அடிக்கடி கழுவினால் முடி கொட்டும் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். கழுவும்போது கையோடு வருபவை ஏற்கெனவே ஓய்வு நிலைக்குப் போய், விழக் காத்திருந்தவை. வாரம் ஒருமுறை கழுவினால் ஏழு நாள் முடி ஒரே நாளில் தண்ணீர்க்குழியில் சேர்ந்து நம்மைக் கலங்கடிக்கிறது.

கழுவாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அண்டார்டிகாவில் தங்கிப் பணிபுரிந்த ஜப்பானிய ஆய்வுக் குழுவினரிடம் பார்த்தார்கள். தண்ணீர் குறைவு, குளியலும் குறைவு. அவர்கள் தலைத்தோலில் மலசீசியாவின் அளவு, சிலருக்குப் பல நூறு மடங்கு கூடியிருந்தது. நம் ஊர் வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை.

பிசுக்குத் தலைக்கு ஒன்றுவிட்டு ஒருநாள், மற்றவர்களுக்கு வாரம் இரண்டு அல்லது மூன்று முறை. சுருட்டை முடிக்காரர்களுக்குத் தோலெண்ணெய் முடி நுனிவரை எளிதில் இறங்காது, முடி சீக்கிரம் வறளும். அவர்களுக்கு வாரம் இரண்டு முறை போதும்.

எப்படிக் கழுவுவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறோம். நான் செய்வது இது. முதலில் ஒரு நிமிடமாவது தலையை நன்றாக நனைக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோலின் காப்பு அடுக்கு கரைந்து எரிச்சல் கூடும். ஷாம்பூவைக் குவளையில் கொஞ்சம் தண்ணீரில் கலந்து கொள்ளுங்கள். நம் பெண்களின் அடர்த்தியான முடியில் கெட்டி ஷாம்பூ மேலேயே நுரைத்துவிட்டு நிற்கும், தோலுக்குப் போய்ச் சேராது. கலந்ததை வகிடு வகிடாக ஊற்றி, விரல் நுனியின் சதையால் தேயுங்கள். நகம் படவே கூடாது. உச்சி, இரண்டு பக்கம், பிடரி, காதுக்குப் பின் என்று வரிசையாகப் போனால் எந்த இடமும் விடுபடாது. முடியின் நீளத்தைத் தனியாகத் தேய்க்க வேண்டாம், வழிந்திறங்கும் நுரையே அதைச் சுத்தம் செய்யும். எண்ணெய் வைத்த தலையென்றால் இரண்டு முறை. பிறகு, தேய்த்த நேரத்தைவிட அதிக நேரம் அலசுங்கள். பிடரியில் தங்கும் ஷாம்பூ அரிப்புக்கு ஒரு முக்கியக் காரணம். கண்டிஷனர் போட்டால் காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும்.

ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த தண்ணீரில் சோப்பு கரையாமல் திரிந்து பிசினாகத் தலையில் படியும், முடி முரடாகும். அதனால் வழுக்கை வராது. தலைக்கு மட்டும் சோப்பைத் தவிர்த்து ஷாம்பூ போடுங்கள். கடைசி இரண்டு செம்புக்கு மட்டும் நல்ல தண்ணீரோ மழைத்தண்ணீரோ வைத்துக்கொண்டால் போதும்.

படி 3: எண்ணெய்

இந்த இடத்தில் நின்று பேச வேண்டியிருக்கிறது.

மலசீசியா 11 முதல் 24 கார்பன் அணு நீளமுள்ள கொழுப்பமிலங்களைத் தின்று வளரும். தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். நல்லெண்ணெயில் பெரும்பகுதி 18 கார்பன் கொண்ட ஒலியிக், லினோலியிக் அமிலங்கள். விளக்கெண்ணெயில் பெரும்பங்கு ரிசினோலியிக், அதுவும் 18. ஆலிவ் எண்ணெயில் ஒலியிக் மிகுதி. மேலே சொன்னேனே, எரிச்சலைக் கிளப்பும் மிச்சம் என்று, அதே ஒலியிக்தான். பொடுகு வரும் தன்மையுள்ள தோலில் ஒலியிக் அமிலத்தை மட்டும் தடவினாலே செதில் கிளம்புவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். மருத்துவர் சோறு என்றது இதைத்தான். எண்ணெய் வைத்தவுடன் செதில் ஈரமாகி முடியோடு ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. பொடுகு போய்விட்டது என்று நினைக்கிறோம். உள்ளே பந்தி நடக்கிறது.

அப்படியானால் தலைமுறை தலைமுறையாக நம் பெண்கள் எண்ணெய் வைத்தது தப்பா? இல்லை. முடிக்கு எண்ணெய் நல்லது. தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்ட ஓர் இந்திய ஆய்வு 2003இல் வந்தது. முடித்தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. தலைத்தோலுக்கும் அதனால் பலன் இருக்கலாம். போபால் குழுவினர் 2021இல் வெளியிட்ட தொடர் ஆய்வில், தேங்காயெண்ணெய் பயன்படுத்திய பெண்களின் தலையில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் பெருகியிருந்தன. ஆய்வகக் கணக்கும் இந்த ஆய்வும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியலாம். என் புரிதல் இதுதான்: சமநிலையில் இருக்கும் தலை எண்ணெயைத் தாங்கும், சமநிலை குலைந்து அரிக்கும் தலை தாங்காது.

பழைய எண்ணெய்க் குளியலின் முறையை யோசித்துப் பாருங்கள். சனிக்கிழமை ஆண்களுக்கு, செவ்வாய் வெள்ளி பெண்களுக்கு. காய்ச்சிய நல்லெண்ணெயை வைத்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சீயக்காயோ அரப்போ போட்டு எண்ணெயை முழுதாக எடுத்துவிடுவார்கள். எண்ணெய் தலையில் இருந்தது ஒரு மணி நேரம்கூட இருக்காது. அதை நாம் இரவு முழுக்க, நாள் முழுக்க, நான்கு நாள் என்று நீட்டிவிட்டோம்.

ஆகவே செய்ய வேண்டியது இது. பொடுகும் அரிப்பும் இருக்கும்வரை, குறைந்தது நான்கு வாரம், தலைத்தோலில் எந்த எண்ணெயும் வேண்டாம். முடி வறண்டால் நுனிப்பகுதிக்கு மட்டும் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் போதும். தலை அடங்கிய பிறகு வாரம் ஒருமுறை, குளிப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, இலேசாக வைத்து அன்றே கழுவிவிடுங்கள். மறுபடி அரித்தால் உங்கள் தலைக்கு அது ஆகாது என்று பொருள், நீளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிவேர், கரிசலாங்கண்ணி, செம்பருத்தி என்று எதைப் போட்டுக் காய்ச்சினாலும் அடியில் இருப்பது அதே எண்ணெய்தான். மூலிகை சேர்ந்ததால் மலசீசியா அதைத் தின்னாமல் விடாது.

வீட்டில் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். எண்ணெய் வைப்பது நம்மிடம் ஒரு பாசம். என் அம்மா கையால் எண்ணெய் வாங்காத அந்த ஒரு மாதம் எனக்கே கஷ்டமாக இருந்தது. கையால் வெறுமனே தலையைப் பிடித்துவிடச் சொன்னேன். அதுவும் சுகமாகத்தான் இருந்தது.

படி 4: பெருகியதைக் குறைக்க நான்கு வாரம்

சாதாரண ஷாம்பூவில் அடங்கவில்லை என்றால் மருந்து ஷாம்பூ வேண்டும். இதன் நோக்கம் மலசீசியாவைப் பூண்டோடு ஒழிப்பதல்ல, அது முடியவும் முடியாது. அளவை இறக்குவதுதான்.

கீட்டோகோனசோல் 2 சதவீதம் என்று அட்டையில் போட்டிருக்கும் ஷாம்பூ, மருந்துக்கடையில் கிடைக்கும். வாரம் இரண்டு முறை, இரண்டிலிருந்து நான்கு வாரம். ஜிங்க் பைரிதியோன், செலினியம் சல்பைடு, சிக்ளோபிராக்ஸ் ஆகியவையும் இதே வேலையைச் செய்பவை. செதில் தடிப்பாக இருந்தால் சாலிசிலிக் அமிலம் கலந்தது அதை உரித்தெடுத்து வழிவிடும். எதைப் போட்டாலும் நுரை தலைத்தோலில் 3 முதல் 5 நிமிடம் இருக்க வேண்டும். போட்ட கையோடு அலசிவிட்டு, "எனக்கு எந்த ஷாம்பூவும் கேட்கலை" என்பவர்கள் நிறையப் பேர். எண்ணெய்ப் பிசுக்குத் தலையில் நேரடியாகப் போட்டாலும் பயன் குறைவு. முதலில் சாதாரண ஷாம்பூவால் ஒருமுறை கழுவிவிட்டு, இரண்டாவது முறைக்கு மருந்து.

அடங்கியதும் திடீரென நிறுத்தாதீர்கள். வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று தொடருங்கள். மலசீசியா நம்முடனேயே இருப்பது. விட்டால் திரும்ப ஏறும். ஒரு மருந்து நான்கு வாரத்தில் கேட்கவில்லை என்றால் வேறு மருந்துள்ளதற்கு மாறலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்று வாங்கும் லோஷனில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டே நாளில் அற்புதமாக அடங்கும், நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பும், நாளாக ஆக தோல் மெலியும். மருத்துவர் எழுதிக்கொடுத்து, எத்தனை நாள் என்று சொன்னால் மட்டும் போடுங்கள்.

படி 5: புளிப்பைக் காப்பாற்றுங்கள்

புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பி.எச். கணக்கில் தலைத்தோல் சுமார் 5.5. அதாவது இலேசான அமிலத்தன்மை. நல்ல நுண்ணுயிர்களுக்கு அதுதான் பழகிய மண். குளியல் சோப்பு 9, 10 என்று காரத்தில் இருக்கும். சமையல் சோடா 8க்கு மேல். இவற்றைத் தலையில் போட்டால் மண்ணின் தன்மையே மாறுகிறது. ஷாம்பூக்களும் எல்லாமே யோக்கியமானவை அல்ல. 2014இல் பிரேசிலில் 123 ஷாம்பூக்களைச் சோதித்தபோது 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தவை நூற்றில் 38தான். அட்டையில் பி.எச். 5.5 என்று போட்டிருந்தால் நல்லது.

சீயக்காய் இங்கே கைகொடுக்கும். அதிலுள்ள சபோனின்கள் நுரைத்து அழுக்கை எடுக்கும், கரைசலும் இலேசான புளிப்பாக இருக்கும். கொங்கு நாட்டு அரப்பும் (உசிலை இலைத்தூள்) இதே வேலையை மிருதுவாகச் செய்யும். ஆனால் சில எச்சரிக்கைகள். தூளை வஸ்திரகாயம் செய்யுங்கள், அதாவது மெல்லிய துணியில் சலியுங்கள். கரகரப்பான தூள் தோலைக் கீறும். வெந்தயமும் பயறும் சேர்த்து அரைத்ததை நன்றாக அலசாவிட்டால் மாவு பிடரியில் தங்கி அரிக்கும். வடிகஞ்சியில் கரைப்பவர்களுக்கும் இதே பேச்சு. பூந்திக்கொட்டை நல்ல அழுக்கெடுப்பான், ஆனால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். பொடுகு தீவிரமாக இருக்கும்போது சீயக்காய் மட்டும் போதாது. மருந்து ஷாம்பூ போடும் நாட்களுக்கு நடுவில் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஈரத்தை அடைத்து வைக்காதீர்கள்

காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத்தோடு கொண்டை போட்டு, மேலே பூவும் வைத்து அலுவலகத்துக்கு ஓடும் பெண்களைத் தினமும் பார்க்கிறேன். வேறு வழியில்லை என்பதும் தெரியும். ஆனால் அந்தக் கொண்டைக்குள் மதியம்வரை இருக்கும் வெதுவெதுப்பான ஈரம் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். முடிந்தால் முந்தின நாள் மாலையிலேயே குளித்து, தூங்குவதற்குள் காயவிடுங்கள். தலைக்குக் குளித்தால் சளி பிடிக்கும் என்று தடுப்பார்கள். சளி வைரஸால் வருவது, ஈரத்தலையால் அல்ல. பருத்தித் துண்டால் ஒற்றியெடுத்து, மின்விசிறிக் காற்றில் வேர்ப்பகுதியைப் பிரித்துவிட்டால் போதும். நீளம் ஈரமாக இருந்தால் பரவாயில்லை, வேர் காய்ந்திருக்க வேண்டும். முடி உலர்த்தும் கருவியில் குளிர்காற்றைத் தூரத்திலிருந்து காட்டலாம். சாம்பிராணிப் புகை முடியை உலர்த்தும், மணமும் நன்றாக இருக்கும், பொடுகுக்கு மருந்தல்ல. மூச்சிரைப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

தலைக்கவசம் போடுவதால் முடி கொட்டாது, தயவுசெய்து அதற்காகக் கழற்றாதீர்கள். உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொண்டு, அதைத் தினமும் துவைத்தால் போதும். சீப்பை வாரம் ஒருமுறை ஷாம்பூத் தண்ணீரில் ஊறவைத்துத் தேயுங்கள். தலையணை உறையையும் வாரம் ஒருமுறை மாற்றுங்கள். எண்ணெய் ஊறிய பழைய உறையில் சுத்தமான தலையை வைத்து என்ன பயன்?

படி 7: இவற்றைத் தலையில் ஊற்றாதீர்கள்

எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2க்குப் பக்கம். அழற்சியுள்ள தோலில் அது தீ. புளிப்பு நல்லது என்பதற்காக இவ்வளவு புளிப்பு வேண்டாம். வெங்காயச் சாற்றுக்கு ஆதாரமாக எல்லோரும் சொல்லும் ஆய்வு 2002இல் பாக்தாதில் நடந்த சிறிய ஒன்று. அது புழுவெட்டுக்குச் செய்தது, பொதுவான முடி உதிர்வுக்கு அல்ல. தோல் வெந்துபோனவர்களும் உண்டு. தயிரில் இருக்கும் பாக்டீரியாக்கள் குடலுக்கும் பாலுக்கும் பழகியவை. தலையில் தடவினால் குடியேறிவிடாது, தயிரின் கொழுப்புதான் மிஞ்சும். தயிரைச் சாப்பிடுங்கள், அது நல்லது.

நல்ல பாக்டீரியா கலந்தது என்று சொல்லி, புரோபயாட்டிக் ஷாம்பூ என்று அதிக விலைக்கு விற்பதையும் நான் வாங்குவதில்லை. ஷாம்பூவைக் கெடாமல் காக்கும் பொருட்களுக்கு நடுவே பாக்டீரியா உயிரோடு இருக்க முடியாது. பெரும்பாலும் உள்ளே இருப்பது அவற்றின் உடைந்த துகள்கள்தான். நம் தலைக்குத் தேவையானவர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள்.

படி 8: உள்ளே பாருங்கள்

தலை அடங்கியும் முடி கொட்டிக்கொண்டே இருந்தால் காரணம் இரத்தத்தில் இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல்! ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்பு அளவையும், தைராய்டையும், வைட்டமின் டி-யையும் பாருங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை, ஈரல் இவற்றில் எது உங்கள் வீட்டுக்குப் பொருந்துமோ அது தட்டில் இருக்கட்டும். கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய். சாப்பாட்டோடு காபி, டீ வேண்டாம், இரும்பு உடம்பில் சரியாகச் சேராது.

டெங்கு, டைஃபாய்டு, கோவிட், பிரசவம், பெரிய அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும். இது தலைத்தோலின் குற்றமல்ல. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நிற்கும். பயோட்டின் மாத்திரையைத் தானாக வாங்கிப் போடாதீர்கள். பெரிய அளவில் எடுத்தால் தைராய்டு, இதயப் பரிசோதனை முடிவுகளையே அது தவறாகக் காட்டக்கூடும்.

எத்தனை நாளில் தெரியும்?

அரிப்பு ஒன்றிரண்டு வாரத்தில் குறையும். செதில் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். தோல் ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். முடி உதிர்வு குறைவது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும், ஏனென்றால் இன்று விழும் முடி மூன்று மாதத்துக்கு முன்பே ஓய்வுக்குப் போனது. இந்த மூன்று மாதத்தில்தான் பலர் பொறுமையிழந்து பழைய எண்ணெய்க்குத் திரும்புகிறார்கள். முதல் வாரம் எடுத்த படத்தை அப்போது எடுத்துப் பாருங்கள். எனக்கு வகிட்டோரம் குட்டிக் குட்டியாகப் புதுமுடி நிமிர்ந்து நின்றது நான்காவது மாதம்.

மருத்துவரிடம் எப்போது?

நான்கு வாரம் முறையாக மருந்து ஷாம்பூ போட்டும் அடங்காவிட்டால், தோல் கசிந்தாலோ இரத்தம் வந்தாலோ, வட்டமாகவோ தழும்போடோ முடி போனால், கழுத்தில் நெறி கட்டினால், காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பருவம் எய்தும்வரை தலைத்தோலில் எண்ணெய் அதிகம் சுரப்பதில்லை, அதனால் அந்த வயதில் உண்மையான பொடுகு அபூர்வம். குழந்தைக்குச் செதிலோடு வட்டமாக முடி முறிந்து, கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது தலைப் படர்தாமரையாக இருக்கக்கூடும். மலசீசியாவோடு தொடர்பில்லாத வேறு பூஞ்சை அது, இது தொற்றும். ஷாம்பூவும் களிம்பும் மயிர்க்காலின் ஆழத்துக்குப் போகாது. மருத்துவர் தரும் மாத்திரையைச் சில வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். அந்தக் குழந்தையின் சீப்பையும் துண்டையும் தனியாக வையுங்கள். வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகளின் தலையையும் அன்றே வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.